16×12 அறையில் 6 அடி ஸ்னூக்கர் டேபிள்: உருப்படியான பயிற்சிக்கு ஆகுமா?

மாடியறை

வணக்கம். மாடியில் 16 அடிக்கு 12 அடி அறை ஒன்று காலியாகிறது. வாரத்தில் ஒரு நாள் கிளப்பில் 12 அடி டேபிளில் ஆடுகிறேன். மற்ற நாட்களில் வீட்டிலேயே பழகுவதற்கு 6×3 டேபிள் போடலாம் என்று எண்ணம். கையில் இருப்பது 58 இன்ச் க்யூ (பந்தை அடிக்கும் கோல்), அதன் முனையில் உள்ள டிப் 9.5 மி.மீ. இரண்டையும் மாற்றுவதாக இல்லை.

இந்த க்யூவுக்கு அறை போதுமா? 6 அடி டேபிளோடு பெரும்பாலும் 38 மி.மீ. பந்துதான் வருகிறது, கிளப் பந்தோ 52.5 மி.மீ. பெரிய பந்து செட்டைத் தனியாக வாங்கி இதில் போட்டு ஆடினால் என்ன? சின்ன டேபிளில் பழகினால் கிளப் ஆட்டம் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், அது எந்த அளவுக்கு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைத்துணி

முதலில் அறை. ஒரு குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர்) விளிம்பிலிருந்து எதிர்க் குஷன் விளிம்பு வரை உள்ளதுதான் ஆடும் பரப்பு. அதோடு இரண்டு பக்கமும் க்யூ நீளத்தையும், பின்னுக்கு இழுக்க 6 இன்ச்சையும் கூட்ட வேண்டும். உங்கள் க்யூவுக்குப் பக்கத்துக்கு 64 இன்ச் ஆகிறது. 6×3 டேபிளின் ஆடும் பரப்பு செய்பவரைப் பொறுத்து மாறும். 66×33 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 66 + 128 = 194 இன்ச், அதாவது 16 அடி 2 இன்ச். அகலவாக்கில் 33 + 128 = 161 இன்ச், 13 அடி 5 இன்ச்.

நீளத்தில் 2 இன்ச் குறைவது ஒரு பொருட்டே இல்லை. அகலத்தில்தான் 17 இன்ச் இடிக்கிறது. இதற்கு 48 இன்ச் க்யூ வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நீளம் மாறினால் எடை நிற்கும் இடம் மாறும், பின்கை பிடிக்கும் இடம் மாறும், நீங்கள் பழகுவது வேறொரு க்யூவுக்கான வீச்சாகிவிடும். அதற்குப் பதில் டேபிளை நடுவில் வைக்காமல் ஒரு சுவர்ப் பக்கம் தள்ளுங்கள். ஒரு நீளப் பக்கத்தில் குஷன் விளிம்பிலிருந்து சுவர் வரை முழு 64 இன்ச் விட்டால், எதிர்ப் பக்கம் 47 இன்ச் மிஞ்சும். அந்தப் பக்கம் நடமாடவும் பந்து அடுக்கவும் மட்டும். மற்ற மூன்று பக்கமும் முழு க்யூவோடு ஆடலாம். மேட்ச் ஆடுவதானால் இது தொல்லை. பயிற்சியில் க்யூ பாலை (க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை) எங்கே வைப்பது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது.

அடுத்தது பந்து. 38-க்குச் செய்த டேபிளில் 52.5 பந்தைப் போடவே கூடாது. பந்து வந்து தொடும் குஷன் விளிம்பு, பந்து உருளும் தளத்திலிருந்து பந்தின் விட்டத்தில் நூற்றுக்கு 63 பங்கு வாக்கில் உயரம் இருக்க வேண்டும். 38 மி.மீ. பந்துக்கு அது 24 மி.மீ. வரும், 52.5-க்கு 33 மி.மீ. வரும். 24 மி.மீ. குஷனில் பெரிய பந்து மோதினால் அதன் மையத்துக்குக் கீழே இடிபடும். மெல்ல அடித்தால் செத்துத் திரும்பும், ஓங்கி அடித்தால் துள்ளி வெளியே போகும். 33 மி.மீ. குஷனில் சின்னப் பந்தைப் போட்டால் குஷன் அதை மேலிருந்து அமுக்கிப் பிடித்துவிடும். பாக்கெட் அகலமும் அந்தந்தப் பந்துக்குத்தான் வெட்டியிருப்பார்கள். கடைக்கு ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய்க் குஷன் விளிம்பு உயரத்தை அளந்து பாருங்கள். எந்தப் பந்துக்கான டேபிள் என்று அதுவே சொல்லிவிடும்.

சின்னப் பந்தையும் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். 52.5 பந்து ஏறத்தாழ 140 கிராம். அதே பொருளில் செய்த 38 மி.மீ. பந்து சுமார் 53 கிராம்தான் வரும். அரைக் கிலோ க்யூவால் அதைத் தொட்டாலே பறக்கும். சைடு வைத்து (நடுவில் அல்லாமல் பக்கவாட்டில்) அடித்தால் லேசான பந்து க்யூ கோட்டிலிருந்து அதிகமாக விலகும். 9.5 டிப் அந்தப் பந்தின் அகலத்தில் கால்வாசியை மறைத்துவிடுவதால், நடுவில்தான் படுகிறதா என்று கண்ணுக்கும் பிடிபடாது.

சரியான வழி, டேபிள் செய்பவரிடம் ஆர்டர் கொடுப்பது. 6×3 பரப்பு, அடியில் 19 மி.மீ. ஸ்லேட், குஷன் விளிம்பு 33 மி.மீ., வளைந்த வாய் உள்ள ஸ்னூக்கர் பாக்கெட், தரையிலிருந்து குஷன் மேல்மட்டம் வரை 34 இன்ச் என்று எழுதிக் கொடுங்கள். இந்த உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. விதிப்படி முழு அளவு டேபிள் 33.5 முதல் 34.5 இன்ச் வரை இருக்கும். வீட்டு டேபிள் சில 31-லேயே நின்றுவிடும். அதில் தினமும் குனிந்து பழகிய உடம்பு கிளப்பில் தடுமாறும். செய்து வந்த டேபிள் தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் ஒரே அளவில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம்.

நீலப்புள்ளி

பந்து, க்யூ இரண்டிலும் பச்சைத்துணி சொன்னதே என் கருத்தும். 'கெட்டுவிடும்' என்ற கேள்விக்கு வருகிறேன். சின்ன டேபிள் கையைக் கெடுக்காது. ஆனால் நீங்கள் எவ்வளவு நேராக அடிக்கிறீர்கள் என்பதில் தவறான மதிப்பெண் போடும். காரணம் கணக்கில் இருக்கிறது.

நேர் பாட் (பந்தை நேராகப் பாக்கெட்டில் போடும் அடி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். க்யூ பாலுக்கும் இலக்குப் பந்துக்கும் 1 மீட்டர், இலக்குப் பந்திலிருந்து பாக்கெட்டுக்கு 2 மீட்டர். ப்ளூ தன் புள்ளியில் நிற்கும்போது மூலைப் பாக்கெட் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். க்யூ பால் 1 மீட்டருக்கு 1 மி.மீ. விலகிப் போனால், இலக்குப் பந்து பாக்கெட்டுக்கு வரும்போது 36 மி.மீ. விலகியிருக்கும். பாக்கெட் வாய் 3.5 இன்ச் வாக்கில் இருக்கிறது, அதாவது 89 மி.மீ. பந்தைக் கழித்தால் பக்கத்துக்கு 18 மி.மீ.தான் இடம். பந்து உள்ளே போகாது.

இப்போது இரண்டு தூரத்தையும் பாதியாக்குங்கள், பந்து அதே 52.5. அதே தப்பு, அதே கோணம். விலகல் 8.5 மி.மீ. மட்டுமே. தூரம் பாதியானால் தப்பு பாதியாவதில்லை, கால்வாசியாகிறது, ஏனென்றால் இரண்டு தூரமும் பெருக்கலில் வருகின்றன. அதனால் கிளப்பில் தவறும் அடி வீட்டில் பாக்கெட்டின் நடுவிலேயே விழும்.

ஆகவே இலக்கைச் சுருக்குங்கள். வீட்டில் கேரம் காய் இருக்குமே, அதன் மேல் ஒட்டியிருக்கும் பவுடரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூன்று மூன்றாக அடுக்கி, பாக்கெட்டுக்கு முன்னால் இரண்டு தூண் வையுங்கள். இடைவெளி 61 மி.மீ. அதாவது பந்துக்கு இருபுறமும் 4 மி.மீ. சொச்சம். இது போனால் கிளப்பில் அந்த நீளப் பந்து போகும் என்று நம்பலாம். ஒற்றைக் காயாக வைக்காதீர்கள். பந்தின் வயிற்றுப் பகுதி காய்க்கு மேலாகத் தொங்கிக்கொண்டு கடந்துவிடும், இடைவெளி நீங்கள் அளந்ததைவிட அகலமாகிவிடும். மூன்று அடுக்கினால் உயரம் பந்தின் மையத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். தூண்கள் பந்து வரும் கோட்டுக்குக் குறுக்காக நிற்கட்டும், பாக்கெட் வாய்க்கு இணையாக அல்ல.

இன்னொன்று, சின்ன டேபிளில் எனக்கு மிகவும் பிடித்தது. முழு டேபிளில் பிளாக் புள்ளியிலிருந்து மூலைப் பாக்கெட் 946 மி.மீ. 66×33 டேபிளில் நடுப்புள்ளியிலிருந்து, அதாவது ப்ளூ நிற்கும் இடத்திலிருந்து, மூலைப் பாக்கெட் 937 மி.மீ. இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லலாம். பாக்கெட் வாயின் நேர்க்கோட்டிலிருந்து பந்து சாய்ந்து வரும் அளவும் பெரிதாக வேறுபடவில்லை: அங்கே 25 டிகிரி, இங்கே 18. ஆகவே பிளாக்கை அதன் புள்ளியில் வைக்காமல் நடுப்புள்ளியில் வைத்துப் பழகுங்கள். கிளப்பில் பிரேக் கட்டும்போது (தவறாமல் தொடர்ந்து பாட் செய்யும்போது) திரும்பத் திரும்ப ஆடும் அந்த பிளாக்கின் உண்மைத் தூரம் வீட்டிலேயே கிடைக்கிறது. க்யூ பாலை 30 செ.மீ., 50, 70 என்று மாற்றி, அரைப்பந்து, முக்கால்பந்து, கால்வாசிப்பந்துத் தடிமனில் (க்யூ பால் இலக்குப் பந்தை மறைக்கும் அளவு) இரு பாக்கெட்டுக்கும் அடியுங்கள். அரைப்பந்து என்றால் எந்த டேபிளிலும் 30 டிகிரிதான். ஸ்டன் (மோதும் நேரத்தில் க்யூ பால் உருளாமல் வழுக்கிப் போகும் அடி) அடித்தால் க்யூ பால் இலக்குப் பந்தின் பாதைக்குச் செங்குத்தாக விலகுவதும் மாறாது. கோணம் சார்ந்த அறிவு முழுவதும் அப்படியே கிளப்புக்கு வரும்.

ரசமட்டம்

டேபிள் வாங்குவதோடு வேலை முடிவதில்லை, நிறுத்துவதில்தான் பாதி இருக்கிறது.

ஸ்லேட் வேண்டும் என்று சொன்னது மிகச் சரி. 6×3 அளவில் 19 மி.மீ. ஸ்லேட் மட்டுமே 85 கிலோ வாக்கில் வரும். மரச்சட்டத்தோடு சேர்த்தாலும் மாடித் தளம் சாதாரணமாகத் தாங்கும் பாரம்தான். ஆனால் நான்கு கால் முனையில் அத்தனை எடையும் இறங்குவதால் டைல்ஸ் கீறும். காலுக்கு அடியில் 6 இன்ச் சதுர பிளைவுட் துண்டு போடுங்கள். எம்.டி.எஃப். பலகை போட்ட டேபிள் மலிவுதான், ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது ஊதும், நடுவில் தொய்யும். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை என்றால் வெயிலில் இன்னும் மோசம். ஊதிய பலகையை எந்த மட்டமும் சரிசெய்யாது.

மட்டம் பார்க்க 2 அடி ரசமட்டம் போதும். முதலில் நடுவில் நீளவாக்கு, பிறகு குறுக்குவாக்கு, பிறகு நான்கு மூலை. கால் திருகு இருந்தால் திருகிச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் பழைய சீட்டுக்கட்டுச் சீட்டுகளைக் காலடியில் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். கடைசிச் சோதனை எப்போதும் பந்துதான். குஷனுக்கு இணையாக, எதிர்முனைக்குப் போய் நின்றுவிடும் அளவுக்கு மெதுவாக உருட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்னூக்கர் துணி கம்பளித் துணி, அதற்கு ஒரே திசையில் படிந்த மயிர் உண்டு. பாக் கோட்டுப் பக்கமிருந்து (ஆட்டம் தொடங்கும் பக்கத்துக் குறுக்குக் கோடு) பிளாக் பக்கம் நோக்கி அது படிந்திருக்கும். குறுக்காக மெதுவாக உருட்டிய பந்து கடைசியில் பிளாக் பக்கம் சற்றுச் சாயும். அது துணியின் இயல்பு, மட்டப் பிழை இல்லை. இதைத் தெரியாமல் பிளாக் பக்கக் காலை உயர்த்தினால் எல்லாமே கெடும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் இரண்டும் உருட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் பிளாக் பக்கமே சாய்ந்தால், அதே நேரம் ரசமட்டக் குமிழி நடுவில் நின்றால், தொடாதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது மயிர் உள்ள கம்பளித் துணியே கேளுங்கள். நைலான் கலந்த வழவழப்பான பூல் துணியில் பந்து வேகமாக ஓடும், கிளப் துணியின் இழுப்பு அதில் கிடைக்காது. பிரஷ் போடுவது பாக் பக்கமிருந்து பிளாக் பக்கம் மட்டும், திரும்பி வரக் கூடாது. அதற்கு முன் குஷன் அடியில் தங்கிய, டிப்பில் தேய்க்கும் சாக் தூளை வெளியே இழுத்துவிடுங்கள். இஸ்திரி போடுவதானாலும் அதே திசை, மிதமான சூடு, நீராவி அறவே வேண்டாம், குஷன் ரப்பர் மேல் படக் கூடாது. நைலான் கலப்பு என்றால் இஸ்திரியே வேண்டாம், உருகிவிடும். பந்துகளை வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்பு போட்டுக் கழுவி உலர்ந்த துணியால் துடையுங்கள். சாக் ஒட்டிய பந்துதான் மோதும்போது 'கிக்' அடித்துப் பாதை மாறும்.

மாடியறை

எல்லோருக்கும் நன்றி. 52.5 பந்து, 33 மி.மீ. குஷன், ஸ்லேட் என்று ஆர்டர் கொடுக்கிறேன். புள்ளிகளை எந்த அளவில் குறிப்பது? 15 ரெட் அடுக்கலாமா, 10 போதுமா? கிளப்புக்குப் போகும்போது வேகம் எப்படிப் பிடிபடும்?

பச்சைத்துணி

புள்ளிகள் எல்லாமே விகிதத்தில். முழு டேபிளில் பாக் கோடு கீழ்க் குஷனிலிருந்து 29 இன்ச், அந்தக் கோட்டில் உள்ள அரைவட்டமான டி-யின் ஆரம் 11.5, பிளாக் புள்ளி அதன் பக்கத்து மேல் குஷனிலிருந்து 12.75 இன்ச். சின்ன டேபிளில் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாக் கோடு, அகலத்தில் ஆறில் ஒரு பங்கு டி ஆரம், நீளத்தில் பதினொன்றில் ஒரு பங்கு பிளாக். உங்கள் 1676×838 மி.மீ. பரப்புக்குப் பாக் கோடு 335, டி ஆரம் 140, பிளாக் 152 மி.மீ. ப்ளூ நட்டநடுவில். பிங்க், ப்ளூவுக்கும் மேல் குஷனுக்கும் சரிபாதியில், குஷனிலிருந்து 419 மி.மீ. எல்லாம் குஷன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், மரத்திலிருந்து அல்ல. இந்த விகிதங்கள் ஸ்னூக்கருக்கென்று வந்தவையும் அல்ல; 1875-இல் ஜபல்பூரில் இந்த ஆட்டம் பிறந்தது பில்லியர்ட்ஸ் டேபிளின் மேல்தான், பின்னர் நம் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்டபோதும் அதே டேபிள்தான். பிளாக் நிற்பது பில்லியர்ட்ஸ் சிவப்பு நின்ற புள்ளி.

ரெட் எண்ணிக்கையில் ஆசை வேண்டாம். உங்கள் டேபிளில் பிங்க் புள்ளிக்கும் பிளாக் புள்ளிக்கும் 267 மி.மீ.தான். 15 ரெட் முக்கோணம் 234 மி.மீ. நீளம். பிங்க்கின் பாதியையும் பிளாக்கின் பாதியையும் கழித்தால் அதற்கு இடமே இல்லை, பிளாக் மேல் ஏறிவிடும். 10 ரெட் 189 மி.மீ.; உட்காரும், ஆனால் பின்னால் 26 மி.மீ. சந்துதான் மிஞ்சும், பந்து நுழையாது. 6 ரெட் 143 மி.மீ.; பின்னால் 72 மி.மீ. கிடைக்கிறது, பந்து தாராளமாகப் போய்வரும். 6 ரெட் ஆட்டம் போட்டிகளிலேயே ஆடப்படுவது, அதிகபட்ச பிரேக் 75. உங்கள் டேபிளுக்கு அதுதான் கச்சிதம்.

நீலப்புள்ளி

வேகம் விஷயத்தில் நேர்மையாகச் சொல்கிறேன்: வீட்டில் அது வராது. முழு டேபிளில் பிரவுன் புள்ளியிலிருந்து மேல் குஷன் போய்த் திரும்பப் பாக் கோட்டுக்கு வர 5.6 மீட்டர் ஓட வேண்டும், ஒரே குஷன். உங்கள் டேபிளில் அதே தூரம் ஓட மூன்று குஷன் தட்ட வேண்டும். ஒவ்வொரு குஷனும் வேகத்தைத் தின்னும், அதனால் ஒப்பீடே கிடையாது. ஸ்க்ரூவும் (பின்சுழற்சி கொடுத்து க்யூ பாலைப் பின்னால் வரவைக்கும் அடி) அப்படித்தான். ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் பந்துக்கு ஸ்க்ரூ போட்டால் பின்சுழற்சியில் பெரும் பகுதியைப் போகும் வழியில் துணியே தின்றுவிடும். 50 செ.மீ.-இல் அந்த இழப்பு தெரியாது. வீட்டில் 'டேபிள் நீளம் பின்னால் இழுக்கிறேன்' என்றால் கிளப்பில் அது ஒரு முழம். நீள சேஃப்டி (எதிராளிக்கு வாய்ப்பு விடாத தற்காப்பு அடி), ரெஸ்ட் (கை எட்டாதபோது க்யூவைத் தாங்கும் கோல்) வைத்து ஆடுவது இவற்றையும் கிளப்புக்கு விட்டுவிடுங்கள்.

வீட்டில் நேரத்தைச் செலவிட வேண்டியது இரண்டில். ஒன்று, நேர் வீச்சு. க்யூ பாலைப் பிரவுன் புள்ளியில் வைத்து, ப்ளூ, பிங்க், பிளாக் புள்ளிகள் மேலாக ஓட்டி, திரும்பி வந்து டிப்பிலேயே தொட வேண்டும். பாதித் தூரம் என்பதால் பாக் கோட்டில் அந்த 61 மி.மீ. கேரம் தூண்களை வைத்து அதற்குள் திரும்ப வரவேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்பினால் நீங்கள் அறியாமல் இடப்பக்க சைடு வைக்கிறீர்கள். மேல் குஷனுக்குப் பின்னால், க்யூ கோட்டுக்கு நேரே போனை நிறுத்தி வீடியோ எடுத்தால் முழங்கை எந்தப் பக்கம் விலகுகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டு, க்யூ பால் போய் நிற்கும் இடம். ஏ4 தாளை நான்காக வெட்டி ஒரு துண்டைத் துணிமேல் போடுங்கள். மெல்லிய தாள்மேல் பந்து தடையின்றி ஏறி நிற்கும். நடுப்புள்ளி பிளாக்கைப் பாட் செய்து க்யூ பால் அந்தத் தாள்மேல் நிற்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து ஃபாலோ (முன்சுழற்சி), ஸ்டன், லேசான ஸ்க்ரூ மூன்றுக்கும் தாளை இடம் மாற்றிக்கொண்டே போங்கள். பாட் விழுந்தும் தாளுக்கு வெளியே நின்றால் அது தவறிய அடி என்றே கணக்கு.

கிளப்புக்குப் போனதும் உடனே ரெட் அடுக்காதீர்கள். க்யூ பாலை மட்டும் எடுத்து, பாக் கோட்டிலிருந்து மேல் குஷன் தட்டித் திரும்பப் பாக் கோட்டிலேயே நிற்கும்படி பத்து நிமிடம் அடியுங்கள். முதல் சில அடி நடுவிலேயே செத்துவிடும், வீட்டு வேகம் கையில் இருப்பதால். அதற்குக் கையை ஓங்காமல், பின்னிழுப்பை மட்டும் ஒரு இன்ச் கூட்டிப் பாருங்கள். கோடு பிடிபட்டதும் பிரிட்ஜுக்கும் (க்யூவைத் தாங்கும் முன்கை) க்யூ பாலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டால், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்கலாம்.